நம்பலாமா இந்தக் கலத்தை? ஐதரசன் எரிபொருட்கலம் எழுதிவரும் நீண்ட பரீட்சை

மோட்டார் வாகனமொன்றின் பின்புறக் குழாயிலிருந்து கரும்புகைக்குப் பதிலாகத் தண்ணீர் மட்டும் சொட்டினால் எப்படியிருக்கும்? வீதியோரத்தில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் நம் பிள்ளைகளின் நெஞ்சுக்கு அது எத்தனை பெரிய ஆறுதல்!

இது வெறும் கற்பனையல்ல. 2014 டிசெம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா நிறுவனத்தின் ‘மிராய்’ என்னும் கார் அவ்வாறானதே. அதன் தாங்கிகளில் சுமார் 5 கிலோகிராம் ஐதரசன் வாயுவை நிரப்பச் சில நிமிடங்களே போதும். அந்த வாயுவும் வெளிக்காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து மின்சாரத்தைத் தருகின்றன. அந்த மின்சாரம் சக்கரங்களைச் சுழற்றுகிறது. எஞ்சுவது நீர் மட்டுமே.

இந்த வித்தையின் தத்துவம் புதியதா என்றால், இல்லை. அது 1839ஆம் ஆண்டிலேயே தெரிந்த ஒன்று. பெற்றோல் இயந்திரம் பிறப்பதற்கு முன்னரே தெரிந்த ஒரு தத்துவம் ஏன் இன்னும் நமது வீதிக்கு வந்து சேரவில்லை? பலரும் எழுப்பும் இக்கேள்விக்கு, “எண்ணெய்க் கம்பனிகள் மறைத்துவிட்டன” என்பதே சிலர் கூறும் பதில். உண்மைக் காரணம் அதைவிடச் சுவையானது, படிப்பினை நிறைந்தது.

ஒரு கருவி வேலை செய்கிறது என்பதும், அதை நம்பி உயிரையும் பணத்தையும் ஒப்படைக்கலாம் என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தைப் பரிசோதனைகளால்தான் கடக்க வேண்டும். எரிபொருட்கலத்தின் வரலாறு முழுவதும் இந்தத் தூரத்தைக் கடந்த வரலாறேயாகும்.

பாடசாலைப் பரிசோதனையின் மறுபக்கம்

சாதாரண தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், நீரின் மின்பகுப்பைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிறிதளவு அமிலம் சேர்த்த நீரில் இரு மின்வாய்களை அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்தினால், ஒன்றில் ஐதரசனும் மற்றதில் ஒட்சிசனும் குமிழ்களாக எழும் என்று அப்பிள்ளை சொல்லும். மின்சாரத்தைக் கொடுத்து நீரைப் பிரிக்கிறோம்.

எரிபொருட்கலம் இதனைத் தலைகீழாகச் செய்கிறது. பிரிந்தவற்றைச் சேர்த்து வைக்கிறது. கொடுத்த மின்சாரத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறது.

இக்காலத்து வாகனங்களில் உள்ள கலத்தின் நடுவே மிக மெல்லிய மென்சவ்வு ஒன்று இருக்கும். அதன் இருபுறமும் பிளாற்றினம் என்ற விலையுயர்ந்த உலோகத்தின் நுண்துகள்கள் ஊக்கியாகப் பூசப்பட்டிருக்கும். ஒரு புறத்தில் வந்து சேரும் ஐதரசன், அங்கே புரோத்தனாகவும் இலத்திரனாகவும் பிரிகிறது. புரோத்தன் மென்சவ்வை ஊடுருவி மறுபுறம் செல்கிறது. இலத்திரனுக்கோ அவ்வழி இல்லை. அது கம்பியின் வழியே சுற்றித்தான் போக வேண்டும். அவ்வாறு சுற்றிச் செல்லும் இலத்திரன்களின் ஓட்டமே மின்சாரம். மறுபுறத்தில் இரண்டும் ஒட்சிசனைச் சந்தித்து நீராகின்றன.

இங்கே தீ இல்லை, எரிதல் இல்லை, அடித்து இயங்கும் முசலமும் இல்லை. ஆனால் வேலை செய்யும்போது ஒரு கலம் தருவது ஒரு வோல்ற்றுக்கும் குறைவே. ஆகவே நூற்றுக்கணக்கான கலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியுள்ளது. முதலாவது மிராய் காரில் 370 கலங்கள் இருந்தன. ஒன்று பழுதடைந்தால் முழு அடுக்கும் தடுமாறும். நம்பகம் என்ற பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

வழக்கறிஞர் கண்ட அதிசயம்

வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில் பிறந்த வில்லியம் குரோவ் தொழிலால் ஒரு வழக்கறிஞர். பிற்காலத்தில் நீதிபதியாகவும் இருந்தவர். விஞ்ஞானம் அவருடைய தணியாத ஆர்வம். 1839இல் அவர் பிளாற்றின மின்வாய்களையும் அமிலத்தையும் வைத்து, ஐதரசனும் ஒட்சிசனும் சேரும்போது மின்னோட்டம் பிறப்பதைக் கண்டார். அதே காலத்தில் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த கிறிஸ்டியன் ஷோன்பைன் என்ற இரசாயனவியலாளரும் இவ்விளைவை அவதானித்து எழுதியிருந்தார்.

1842இல் குரோவ் இத்தகைய கலங்கள் ஐம்பதை இணைத்து, அதிலிருந்து கிடைத்த மின்சாரத்தைக் கொண்டே நீரைப் பிரித்துக் காட்டினார். தத்துவம் நிரூபணமாகிவிட்டது. ஆனால் பயனுள்ள அளவு மின்சாரம் கிடைக்கவில்லை. வாயு, திரவம், உலோகம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் பரப்பு போதாது என்பதைக் குரோவ் அப்போதே உணர்ந்திருந்தார். பின்வந்தோர் நூறாண்டுகளுக்கு மேலாகப் போராடியது இந்தப் பரப்பைப் பெருக்குவதற்காகவே.

1889இல் லுட்விக் மொண்ட், கார்ல் லாங்கர் என்ற இருவர் நிலக்கரி வாயுவைக் கொண்டு இதனைத் தொழிலாக்க முயன்றனர். பிளாற்றினத்தின் விலையே அவர்களைத் தோற்கடித்தது. அந்த விலைப் பிரச்சினை இன்றும் முற்றாகத் தீர்ந்தபாடில்லை.

ஒரு பொறியியலாளரின் இருபது ஆண்டுகள்

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நீராவிச் சுழலிகள் செய்யும் நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர் பிரான்சிஸ் தோமஸ் பேக்கன். 1932இல் சஞ்சிகை ஒன்றில் வாசித்த கட்டுரைகள் அவரை ஐதரசனின் பக்கம் திருப்பின. வேலைத்தலத்திலேயே இரகசியமாகப் பரிசோதனை செய்யத் தொடங்கினார். வெடிக்கக்கூடிய வாயுக்களோடு ஓர் ஊழியர் விளையாடுவதை எந்த நிர்வாகம்தான் பொறுத்துக்கொள்ளும்? பரிசோதனையை விடு, அல்லது வேலையை விடு என்ற நிலை வந்தபோது அவர் வேலையை விட்டார்.

பேக்கன் விலையுயர்ந்த பிளாற்றினத்தைக் கைவிட்டு, நுண்துளைகள் கொண்ட நிக்கல் மின்வாய்களை உபயோகித்தார். அமிலத்துக்குப் பதிலாகப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைத் தெரிந்துகொண்டார். சுமார் 200 பாகை செல்சியஸ் வெப்பத்திலும் மிகுந்த அழுத்தத்திலும் கலத்தை இயக்கினார். ஒட்சிசன் பக்கத்து மின்வாய் அரித்துப் போனது. அதற்கு மாற்று வழி காண ஆண்டுகள் பிடித்தன. நிக்கலை இலிதியம் சேர்மமொன்றில் ஊறவைத்துச் சூடாக்கினால், அதன்மேல் படியும் மெல்லிய படலம் அரிப்பைத் தடுக்கும் என்பது இறுதியில் தெரியவந்தது.

1959இல் கேம்பிரிட்ஜில் அவர் தனது கருவியை எல்லோர் முன்னிலையிலும் இயக்கிக் காட்டினார். நாற்பது கலங்கள், சுமார் 5 கிலோவாற் மின்சாரம். பாரந்தூக்கும் வண்டியொன்றும் வட்டவாளும் அதனால் இயங்கின. அதே ஆண்டு அமெரிக்காவின் அலிஸ்-சாமர்ஸ் நிறுவனம் 1,008 கலங்கள் பொருத்திய உழவு இயந்திரமொன்றை ஓட்டிக் காட்டியது. குரோவின் மேசையிலிருந்து வயலுக்கு வந்து சேர 120 ஆண்டுகள் சென்றுவிட்டன.

விண்வெளியில் வைத்த பரீட்சை

அமெரிக்கா மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பத் திட்டமிட்டபோது மின்சாரத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. பல நாட்களுக்குப் போதுமான பற்றரிகளின் பாரத்தை ரொக்கெட் தாங்காது. எரிபொருட்கலமோ பாரம் குறைந்தது. ஆகவே ஜெமினி விண்கலங்களுக்கு மென்சவ்வுக் கலங்களும், அப்பலோ விண்கலங்களுக்குப் பேக்கனின் வழிவந்த கலங்களும் தெரிவாயின. அப்பலோவின் கலங்கள் விண்வெளி வீரர்களுக்குக் குடிநீரையும் தந்தன.

1965 ஆகஸ்ட் 21இல் ஜெமினி 5 புறப்பட்டது. எரிபொருட்கலத்தை நம்பி மனிதர் சென்ற முதற் பயணம் அது. சில மணித்தியாலங்களுக்குள் ஒட்சிசன் தாங்கியின் வெப்பமேற்றி செயலிழந்தது. அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. பயணத்தை உடனே நிறுத்துவதா? பூமியிலிருந்த பொறியியலாளர்கள் அவசர அவசரமாக அதே போன்ற கலத்தைப் பரிசோதித்து, இந்தக் குறைந்த அழுத்தத்திலும் அது தாக்குப்பிடிக்கும் எனக் கண்டனர். கோர்டன் கூப்பர், பீற் கொன்ராட் என்ற இரு வீரர்களும் எட்டு நாள் பயணத்தை முடித்துக்கொண்டே திரும்பினர். தரையில் நடந்த ஒரு பரிசோதனை வானத்தில் ஒரு பயணத்தைக் காத்தது.

ஆனால் பரிசோதனையே ஆபத்தை விதைத்த சம்பவமும் உண்டு. அதுதான் அப்பலோ 13.

1970 மார்ச்சில், புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஒட்சிசன் தாங்கியொன்றை நிரப்பிப் பார்த்தார்கள். பின்னர் அதை வழமையான முறையில் வெறுமையாக்க முடியவில்லை. எனவே உள்ளே இருந்த வெப்பமேற்றியை எட்டு மணித்தியாலம் வரை இயக்கி, ஒட்சிசனை ஆவியாக்கி வெளியேற்றினார்கள். அளவுக்கு மீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்க உள்ளே ஆளிகள் இருந்தன. அவை 28 வோல்ற்றுக்காகச் செய்யப்பட்டவை. தரையில் கொடுக்கப்பட்டதோ 65 வோல்ற். மாற்ற வேண்டிய ஆளிகள் மாற்றப்படாமலே இருந்ததை எவரும் கவனிக்கவில்லை. ஆளிகள் உருகி ஒட்டிக்கொண்டன.

வெப்பமானியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என நாம் எண்ணலாம். அந்த வெப்பமானி சுமார் 27 பாகை செல்சியஸுக்கு மேல் காட்டாது! உள்ளே வெப்பம் 500 பாகையைத் தாண்டியிருக்கும் என்பது பின்னர் கணிக்கப்பட்டது. முள் தன் எல்லையிலே நின்றது. எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றியது. உள்ளேயோ கம்பிகளின் காப்புறை கருகிவிட்டது.

ஏப்ரல் 13ஆம் திகதி, பூமியிலிருந்து மூன்று இலட்சம் கிலோமீற்றருக்கும் அப்பால், அத்தாங்கி வெடித்தது. ஒட்சிசன் இழந்த எரிபொருட்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. மின்சாரம் போனது, அதனோடு குடிநீரும் போனது. ஜேம்ஸ் லவல், ஜோன் சுவிகேட், பிரெட் ஹேய்ஸ் ஆகிய மூவரும் சந்திரனில் இறங்குவதற்கான சிறு கலத்தின் பற்றரிகளை நம்பி, குளிரிலும் தாகத்திலும் நான்கு நாட்களைக் கழித்து, ஏப்ரல் 17இல் உயிரோடு கரைசேர்ந்தனர்.

எரிபொருட்கலங்களில் எந்தக் குறையும் இருக்கவில்லை என்பதை இங்கு கவனிக்க வேண்டும். அவற்றுக்கு வாயு வழங்கிய தாங்கியே காலை வாரியது. கலத்தை மட்டும் பரிசோதித்தால் போதாது. அதற்கு ஊட்டும் தாங்கி, குழாய், ஆளி, ஆணி அனைத்தையும் பரிசோதிக்க வேண்டும். எதையும் அளக்கும் கருவி உண்மையிலேயே அதை அளக்க வல்லதா என்பதையும் பார்க்க வேண்டும்.

அதன் பின்பும் பாடங்கள் ஓயவில்லை. 1997 ஏப்ரலில் பதினாறு நாட்களுக்கெனப் புறப்பட்ட கொலம்பியா விண்வெளி ஓடம், மூன்று எரிபொருட்கலங்களில் ஒன்று கோளாறு காட்டியதால் நான்கே நாட்களில் தரையிறக்கப்பட்டது. அதே வீரர்கள் அதே ஓடத்தில் அவ்வாண்டு ஜூலையில் மீண்டும் சென்று பணியை முடித்தனர். சந்தேகம் வந்தவுடன் திரும்பிவிடும் துணிவும் ஒரு பாடமே.

இன்றைய ஆய்வுகூடத்தில்

விண்வெளி வீரருக்குப் பின்னால் ஓர் அரசாங்கமே நிற்கிறது. வீதியில் ஓடும் பஸ் சாரதிக்கு அப்படியல்ல. அவர் காலையில் இயக்குவார், மதியம் நிறுத்துவார், வெயிலிலும் பனியிலும் ஓட்டுவார். ஆகவே வீதிக்கான கலத்தை ஆய்வுகூடத்தில் முன்கூட்டியே படாதபாடு படுத்துகிறார்கள்.

முதலாவது, முதுமைப் பரிசோதனை. சுமையை ஏற்றுவதும் இறக்குவதுமாக, இயக்குவதும் நிறுத்துவதுமாக ஆயிரக்கணக்கான தடவைகள் செய்து, பல ஆண்டுத் தேய்வைச் சில மாதங்களுக்குள் காண்கிறார்கள். காருக்கு 8,000 மணித்தியாலம், பார லொறிக்கு 25,000 மணித்தியாலம் என்பன அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் வகுத்த இலக்குகள். கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில் ஓடிய பஸ்களின் கலங்களுள் சில, 25,000 மணித்தியாலங்களைத் தாண்டி உழைத்துக் காட்டியுள்ளன.

இரண்டாவது, நீர்ப் பரிசோதனை. மென்சவ்வு ஈரமாக இருந்தால்தான் புரோத்தன் செல்லும். ஈரம் மிகுந்தாலோ வாயு வரும் வழி அடைபடும். இடியப்பத்துக்கு மா குழைப்பது போன்ற பக்குவம் இது. தண்ணீர் கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. கடுங்குளிரில் எஞ்சிய நீர் உறைந்து மென்சவ்வைச் சேதப்படுத்தவும் கூடும். இதனாலேயே பூச்சியத்துக்குக் கீழே 30 பாகை வரை குளிரூட்டிய அறைகளில் கலத்தை வைத்து இயக்கிப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, நஞ்சுப் பரிசோதனை. காபனோரொட்சைட்டு மனிதனுக்கு மட்டும் நஞ்சல்ல, பிளாற்றினத்துக்கும் நஞ்சே. அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஐதரசனுக்கு இடமில்லாமற் செய்துவிடும். வாகனத்துக்கான ஐதரசனில் பத்து இலட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் அது இருக்கக்கூடாது என்பது சர்வதேச நியமம். கந்தகச் சேர்மங்களுக்கான எல்லை இன்னும் கடுமையானது. பத்து இலட்சத்தில் 0.004 பங்கு.

நான்காவது, தாங்கிப் பரிசோதனை. ஐதரசன் மிக இலேசான வாயு. போதுமான அளவைக் காருக்குள் அடைக்க வேண்டுமாயின், வளியமுக்கத்தைப் போல் 700 மடங்குக்கு அழுத்த வேண்டும். காபன் நாரினால் சுற்றிச் செய்யப்பட்ட அத்தாங்கிகளை உயரத்திலிருந்து போட்டும், தீயில் வைத்தும், ஆயிரக்கணக்கான தடவைகள் நிரப்பி இறக்கியும், வெடிக்கும்வரை அழுத்தியும் பார்க்கிறார்கள். ஐதரசனுக்கு மணமில்லை. அதன் சுவாலை பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. எனவே கசிவை உணரும் கருவிகளும் தனியாகப் பரீட்சிக்கப்படுகின்றன.

வீதி சொன்ன தீர்ப்பு

ஆய்வுகூடத்தில் தேறிய மாணவன் வாழ்க்கையில் தேறுவானா? அதனை அறிய 2003 முதல் ஐரோப்பாவில் பெரியதொரு பரிசோதனை நடந்தது. ஒன்பது நகரங்களில், நகரத்துக்கு மூன்றாக 27 பஸ்கள் பயணிகளை ஏற்றி ஓடின. மட்ரிட்டின் வெயில், ஸ்டொக்ஹோமின் குளிர், ஸ்டுட்கார்ட்டின் மேடுபள்ளம் என ஒவ்வொரு நகரும் ஒவ்வொரு வினாத்தாளாக அமைந்தது. எதிர்பார்த்ததைவிடப் பஸ்கள் நன்றாகவே உழைத்தன. அடிக்கடி தொல்லை தந்தவை ஐதரசனை அழுத்தி நிரப்பும் நிலையங்களின் இயந்திரங்களே. இங்கும் அப்பலோவின் பாடந்தான்!

கனடாவின் விஸ்லர் நகரில் 2010 குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டி இருபது பஸ்கள் ஓடவிடப்பட்டன. அவற்றுக்கான ஐதரசனோ நாட்டின் மறுகோடியிலுள்ள கியூபெக்கிலிருந்து லொறிகளில் வந்தது. புகையற்ற பஸ்ஸுக்கு வாயு சுமக்கப் புகை கக்கும் லொறி! செலவு தாங்காமல் 2014இல் அச்சேவை நிறுத்தப்பட்டு, டீசல் பஸ்கள் மீண்டும் வந்தன.

நோர்வேயில் 2019 ஜூன் 10ஆம் திகதி ஐதரசன் நிலையமொன்று வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. உயர் அழுத்தத் தாங்கியொன்றின் அடைப்பில் சில ஆணிகள் போதியளவு இறுக்கப்படவில்லை என்பதே விசாரணையில் தெரியவந்த காரணம். எத்தனை பெரிய விஞ்ஞானமும் ஓர் ஆணியை இறுக்கும் கையில் தங்கியிருக்கிறது!

ஐதரசன் எங்கிருந்து வருகிறது?

இனி, எல்லாவற்றிலும் பெரிய பரீட்சைக்கு வருவோம். ஐதரசன் நிலத்தில் தோண்டி எடுக்கும் எண்ணெய் போன்றதல்ல. பெரும்பாலும் நாமே அதைச் செய்தெடுக்க வேண்டும். 2023இல் உலகம் உபயோகித்த ஐதரசன் சுமார் 9 கோடியே 70 இலட்சம் தொன். அதில் மிகப் பெரும் பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்பட்டது. சூழலுக்கு அதிகம் கேடில்லாத வழியில் கிடைத்தது நூற்றுக்கு ஒரு வீதத்துக்கும் குறைவு. இயற்கை வாயுவிலிருந்து ஒரு கிலோகிராம் ஐதரசன் எடுக்கும்போது, 9 அல்லது 10 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வளிமண்டலத்தில் சேர்கிறது. காரின் குழாயில் தண்ணீர். தொழிற்சாலையின் புகைபோக்கியிலோ பழைய கதையே.

சூரிய ஒளியாலும் காற்றாலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்தால் இக்குறை தீரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 அலகு மின்சாரத்தில் நீரைப் பிரித்து, ஐதரசனை அழுத்தி, சுமந்து, கலத்தில் மீண்டும் மின்சாரமாக்கினால் சக்கரத்துக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 30 அலகு. அதே மின்சாரத்தைப் பற்றரியில் ஏற்றினால் 70 அலகுக்கு மேல் வந்து சேரும். சிறிய காருக்குப் பற்றரியே சிக்கனம் என்பதை இக்கணக்குக் காட்டுகிறது. 2024இல் பெரும் எண்ணெய் நிறுவனமொன்று கலிபோர்னியாவில் கார்களுக்கான தனது ஐதரசன் நிலையங்களை மூடிவிட்டதும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது.

அப்படியானால் எரிபொருட்கலம் வீணா? அவ்வாறு முடிவு கட்டுவதும் அவசரமே. நெடுந்தூரம் செல்லும் பார லொறி, மின்கம்பி இல்லாத புகையிரதப் பாதை, கப்பல், ஆஸ்பத்திரியின் அவசர மின்சாரம் போன்ற இடங்களில் பற்றரியின் பாரமும் அதை ஏற்றும் நேரமும் தடையாகின்றன. அங்கே எரிபொருட்கலத்துக்கு வேலை இருக்கிறது. ஆராய்ச்சிகளும் அந்தத் திசையிலேயே விரைகின்றன: பிளாற்றினத்தைக் குறைப்பது, மென்சவ்வின் ஆயுளைக் கூட்டுவது, நீரைப் பிரிக்கும் செலவைக் குறைப்பது.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது

விஞ்ஞானம் என்றவுடன் மின்னல்போல் ஒரு மேதையின் மூளையில் உதிப்பது என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். குரோவின் மேசையில் நிகழ்ந்தது ஒரு நாளைய அதிசயம். அதற்குப் பின் வந்தது, ஆணியை எண்ணியும், அளவைக் குறித்தும், பிழையை மறைக்காது எழுதி வைத்தும் பெயர் தெரியாத ஆயிரம்பேர் செய்த உழைப்பு. அந்த உழைப்பு குறைந்த இடத்தில் தாங்கி வெடித்தது. நிறைந்த இடத்தில் மூன்று பேர் வீடு திரும்பினர்.

புதிய பொருளொன்று சந்தைக்கு வரும்போது நாமும் இரு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். இது வேலை செய்கிறதா என்பது முதலாவது. அதற்குப் பதில் விளம்பரத்திலேயே கிடைத்துவிடும். எவ்வளவு காலம், எந்த நிலைமையில், யாருடைய செலவில் என்பது இரண்டாவது. அதற்குப் பதில் சொல்லப் பரிசோதனைக்கு மட்டுமே தகுதி உண்டு. ஐதரசன் எரிபொருட்கலம் முதலாவது கேள்விக்கு 1839இலேயே பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்விக்கான விடையை அது இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது.